ஒன்பதாம் மாடிப் பழுது

பதிலாள் சேவை வெள்ளிக்கிழமை மாலையோடு நின்றுபோகிறது என்ற அறிவிப்பு வந்ததும் அல்லிக்குளம் ரெசிடென்சியில் இழவு வீட்டுக் களை வந்துவிட்டது. இத்தனைக்கும் யாரும் சாகவில்லை. இனிமேல் வாசல் மணி அடித்தால் அவரவரே எழுந்துபோய்க் கதவைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். அதை நினைத்தே பாதிப் பேருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது.

நல்ல குளம் ஒன்றைத் தூர்த்து அதன்மேல் கட்டிய குடியிருப்பு அது. குளம்தான் போயிற்று, பெயராவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெருந்தன்மையோடு பெயரை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அங்கே அநேகமாக வீட்டுக்கு வீடு ஒரு பதிலாள் உண்டு. பதிலாள் என்றால் கைகால் உள்ள ஆள் இல்லை. எங்கோ ஒரு சர்வரில் ஓடுகிற மென்பொருள் மனிதன். வீட்டுக்காரரைக் கூடவே இருந்து கவனித்து, அவர் என்ன சொல்வாரோ அதை அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவான். சங்கக் கூட்டத்தில் அவருக்காகக் கை தூக்குவான். கார் நிறுத்தும் இடத்துக்காகப் பக்கத்து வீட்டுப் பதிலாளோடு மல்லுக்கட்டுவான். மாமியார் போனில் வந்தால் மருமகனின் குரலிலேயே வேண்டிய மட்டும் 'ம்' போடுவான். கல்யாணம், காதுகுத்து என்று யாராவது அழைத்தால், 'மன்னிக்கவும், அன்று ஊரில் இல்லை' என்று நாசூக்காகக் கழற்றிவிடுவான். முகத்துக்கு நேரே 'மாட்டேன்' என்று சொல்லும் சங்கடத்திலிருந்து ஒரு தலைமுறையையே காப்பாற்றிய சேவை என்று நிறுவனம் விளம்பரம் செய்தது. விளம்பரங்களில் இது ஒன்றுதான் உண்மை.

அந்த நிறுவனத்தை இப்போது இன்னொரு பெரிய நிறுவனம் விழுங்கிவிட்டது. விழுங்கியவர்களுக்குப் பதிலாள் வியாபாரம் கட்டுப்படியாகவில்லை. 'இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றி' என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு பூப் படம். கடை மூடியாயிற்று.

மூடிய கடையைக் கூட்டிப் பெருக்க வந்தவள் சுகந்தி. நாற்பதைத் தாண்டியவள், சேலத்துக்காரி, அந்த நிறுவனத்தில் ஆரம்ப நாளிலிருந்து இருக்கும் பொறியாளர். அவளுக்குப் பின்னால் சேர்ந்த பொடியன்கள் எல்லாம் மேலாளர்களாகி, அதில் நிதின் என்ற ஒருவன் அவளுக்கே மேலாளர் ஆகியிருந்தான். சுகந்தி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள். வேலை தெரியாததால் அல்ல, வாயை மூடத் தெரியாததால். மனிதர்களைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. மற்றவர்களின் பதிலாள்களை இத்தனை வருடம் பராமரித்த யாருக்கும் இருக்க முடியாது.

சங்கச் செயலாளர் சச்சிதானந்தம் அவளை வாசலிலேயே மறித்தார். ஏதோ இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை இன்னும் நம்பாதவர்.

"ஏம்மா, வெள்ளிக்கிழமை அதுவா நின்னுடப் போகுது. நீங்க எதுக்கு வந்து குடைஞ்சிட்டிருக்கணும்?"

"பதிலாள் நின்னுடும் சார். பதிலாளுங்க தங்களுக்குள்ள போட்டுவெச்ச வலைங்க நிக்காது."

"புரியலையே."

"ஒரு கல்யாணம் முடிஞ்சு பந்தலைப் பிரிச்சாச்சுன்னு வைங்க. ஆனா தெருவுக்குக் குறுக்கே கட்டின கயிறெல்லாம் அப்படியே இருக்கு. கல்யாண வீட்டுக்காரங்க ஊருக்குக் கிளம்பிட்டாங்க. அப்புறம் வண்டியில வர்றவன் கழுத்துல அந்தக் கயிறு மாட்டுமா மாட்டாதா? இதுவும் அப்படித்தான். உங்க கேட்டு, லிஃப்ட், பார்ட்டி ஹால், மெசேஜ் எல்லாத்துலயும் யாரை விடணும், யாரை விடக்கூடாதுன்னு பதிலாளுங்க போட்ட விதி உங்க கட்டட ரவுட்டர்ல உட்கார்ந்திருக்கு. போட்டவன் போயிடுவான், விதி போகாது. கம்பெனியும் இருக்காது, பாஸ்வேர்டும் இருக்காது. அப்புறம் நீங்க தலைகீழா நின்னாலும் எடுக்க முடியாது."

"நாங்க அப்படி ஒரு விதியும் போடலையே. இங்கே எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரிம்மா."

குடும்பம் மாதிரி என்று சொல்கிற இடத்தில் எல்லாம் சுகந்திக்கு வேலை இரட்டிப்பாகத்தான் இருந்திருக்கிறது. கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனாள். மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஏ.சி. அறை. அங்கே மடிக்கணினியைத் திறந்துவைத்து ஒவ்வொரு வலையாகக் கழற்ற ஆரம்பித்தாள்.

ஒரே குடும்பத்தின் லட்சணம் திரையில் வரிசையாக வந்தது. நாய் வளர்ப்பவர்களின் பதிலாள்களுக்கு ஒரு வலை, நாயைக் கண்டால் ஆகாதவர்களின் பதிலாள்களுக்கு ஒரு வலை. வாடகைக்கு இருப்பவர்கள் காதில் விழாமல் சொந்த வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்ள ஒன்று. ஏ பிளாக்குக்குத் தெரியாமல் பி பிளாக் தண்ணீர் லாரியைத் திருப்பிவிட ஒன்று. யோகா வகுப்புக்கு ஒன்று, யோகா வகுப்பு டீச்சரைப் பற்றிப் புறம்பேச ஒன்று. இரண்டிலும் அதே ஆட்கள். சுகந்தி சிரித்துக்கொண்டே கழற்றினாள். வலை கழன்றதும் அதன் பெயர் திரையிலிருந்து மறைந்துவிடும். கூட்டிப் பெருக்குகிற வேலையில் அது ஒன்றுதான் சுகம்.

மறுநாள் வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் கதவை யாரோ தட்டினார்கள். ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள்.

"மேடம், நீங்க பதிலாள் கம்பெனி ஆளுங்களா? நான் தமயந்தி, சி பிளாக் ஒன்பதாவது மாடி. எங்க வீட்டு லைன்ல ஒரு பழுது இருக்குங்க. நீங்க மூட்டை கட்டுறதுக்குள்ள கொஞ்சம் பார்த்துடுங்களேன்."

சுகந்தி நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள். "உட்காருங்க முதல்ல. என்ன பழுது?"

"ரெண்டு வருஷமா கம்ப்ளைன்ட் குடுத்துக்கிட்டே இருக்கேன். ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு சொல்லுவாங்க. பண்ணிப் பண்ணி அந்தப் பட்டனே தேஞ்சிபோச்சி. நான் அனுப்புறது எதுவும் யாருக்கும் சரியாப் போய்ச் சேரலன்னு நெனைக்கிறேன். நவராத்திரிக்குக் கொலுவுக்கு வீட்டுக்கு வீடு கூப்பிடுறாங்களாம், எங்களுக்கு வராது. பார்ட்டி ஹால் எப்பக் கேட்டாலும் வேற யாரோ எடுத்துட்டாங்கன்னு வரும். கீழ வந்து பார்த்தா ஹால் பூட்டிக் கெடக்கும். லிஃப்ட் ஒண்ணுதான் ஒழுங்கா வேலை செய்யிது. நான் கூப்பிட்டா எப்பவும் காலியாத்தான் வரும்."

சுகந்தியின் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது. காலை வேளையில் இந்தக் கட்டடத்தின் லிஃப்ட் எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு நாளாக அதில் நசுங்கித்தான் வந்துகொண்டிருந்தாள்.

"எப்பவுமே காலியாவா?"

"எப்பவுமே. குணாளன்கூட சொல்வார், நமக்கு மட்டும் ராஜ மரியாதைன்னு. எங்க வீட்டுக்காரருங்க. கப்பல்ல இன்ஜினியரா இருக்கார், இந்த நேரத்துக்கு வர முடியல." தமயந்தி சிரித்தாள். பிறகு வந்த விஷயத்துக்கு வந்தாள். "ஞாயித்துக்கிழமை வளைகாப்பு மேடம். எங்கம்மா இல்ல, போய்ட்டாங்க. கடலூர்லேர்ந்து அண்ணி ஒருத்திதான் வருவா. வளையல் போடப் பொம்பளைங்க வேணும்ல? இங்க இருக்கிற எல்லா வீட்டுக்கும் அழைப்பு அனுப்புனேன். எல்லார்கிட்டேர்ந்தும் அன்னிக்கு ஊர்ல இல்லன்னே பதில் வருது. ஒரு பில்டிங்கே மொத்தமா ஊர்ல இல்லாம போவுமா? பழுதுதான?"

"நேர்ல போய்க் கூப்பிட வேண்டியதுதானே?"

"போனேனே. மணி அடிச்சா பதிலாள்தான பேசுது. வாசல்ல எங்கயாச்சும் பார்த்தா எல்லாரும் நல்லாத்தான் சிரிக்கிறாங்க மேடம். மனுஷங்க மேல குத்தம் இல்ல."

சுகந்திக்கு நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. மனிதர்களைப் பற்றி அவள் எடுத்துக்கொண்டிருந்த முடிவுகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தன. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டாள்.

"பார்க்குறேன். போய்ச் சாப்பிடுங்க" என்றாள்.

பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. மற்ற வலைகள் எல்லாம் ஒரு தட்டில் கழன்றன. ஒன்று மட்டும் அசைந்துகொடுக்கவில்லை. 'பயன்பாட்டில் உள்ளது' என்றது திரை. அதற்குப் பெயர் கிடையாது. மூன்று பிளாக்கின் அத்தனை வீடுகளும் அதில் உள்ளே இருந்தன, சி-904 ஒன்றைத் தவிர. அந்த ஒரு வீட்டிலிருந்து கிளம்புவது எதுவாக இருந்தாலும் ஒரு பக்கவழியில் திருப்பிவிடப்பட்டது. அங்கே அது தேங்கி நிற்க, அதற்குப் பதிலாக நாசூக்கான ஒரு வருத்தம் திரும்பிப் போனது. அந்த வீட்டிலிருந்து லிஃப்டுக்கு அழைப்பு போனால், உள்ளே ஆள் இல்லாத லிஃப்ட் வரும்வரை மற்றவர்களை வேறு லிஃப்டுக்கு மாற்றிவிடச் சொல்லி ஒரு விதி. ஊர்க் கிணற்றில் கயிறு போடக்கூடாது என்று ஒதுக்கிவைப்பதை இவ்வளவு மரியாதையாகச் செய்ய முடியும் என்று அவள் நினைத்ததே இல்லை.

இதைப் போட்டது யார் என்று எங்கும் இல்லை. ஆனால் பதிலாள்கள் நாளை மாலைவரை உயிரோடுதான் இருந்தார்கள். சுகந்தி, சச்சிதானந்தத்தின் பதிலாளையே கூப்பிட்டாள். நிறுவன ஆட்களிடம் பேசும்போது பதிலாள்கள் செய்தி வாசிப்பவரின் தமிழில் பேசுவார்கள்.

"வணக்கம். தங்களுக்கு எவ்வாறு உதவலாம்?"

"சி-904 ஏன் வெளியில இருக்கு?"

"எங்கள் வீட்டுக்காரர்களின் விருப்பம்."

"உங்க வீட்டுக்காரர் அப்படிச் சொன்னாரா?"

"ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே புரிந்துகொள்வதுதானே எங்கள் பணி. அந்த வீட்டார் குடிவந்த புதிதில், அவர்கள் ஏறிய லிஃப்டில் ஐயா ஏறவில்லை. போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு அடுத்த லிஃப்டுக்குக் காத்திருந்தார். அவர்கள் கொடுத்தனுப்பிய புதுமனை இனிப்பை அம்மா திறக்காமலே குப்பைக்கு அனுப்பினார். ஒன்பதாம் மாடியில் கருவாட்டு வாசனை என்று வீட்டுக்குள் பேசிக்கொண்டார்கள். அன்று அந்த வீட்டில் சமையலே நடக்கவில்லை, எரிவாயு இணைப்பு மறுநாள்தான் வந்தது. ஆகவே வாசனை காரணம் அன்று என்று புரிந்துகொண்டேன். மற்ற பதிலாள்களிடம் விசாரித்தேன். அவர்கள் வீடுகளிலும் இதே பழக்கம். எல்லாருக்கும் சங்கடம் குறைய ஓர் ஏற்பாடு செய்தோம்."

"அந்தப் பொண்ணுக்கு?"

"அவருக்குக் கட்டடத்தின் பொது இணைப்பு மட்டும்தான், எங்கள் சந்தாதாரர் அல்லர். அந்த வீட்டில் பதிலாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தாமே பேசிக்கொள்வார்களாம்."

இவ்வளவு நேர்மையான பதிலை மனிதரிடமிருந்து வாங்கியிருக்கவே முடியாது. சுகந்தி அதற்காக அதைப் பாராட்டவில்லை. மடிக்கணினியைக் கையில் தூக்கிக்கொண்டு நேரே சங்க அலுவலகத்துக்குப் போனாள்.

சச்சிதானந்தம் திரையை ஒரு தரம் பார்த்தார். இன்னொரு தரம் பார்க்கவில்லை.

"ச்சே ச்சே! நாங்களா? இந்தக் காலத்துல யாரும்மா அதெல்லாம் பார்க்கிறாங்க? என் பையன் அமெரிக்காவுல ஒரே ரூம்ல யார் யார்கூடவோ இருக்கான். மெஷின் ஏதோ தப்பாப் புரிஞ்சிக்கிட்டு இருக்கு."

"அப்படின்னா எடுத்துடறேன் சார்."

"அவசரப்படாதீங்க." அவர் குரல் இறங்கியது. "நாளைக்கு எல்லாமே நிக்கப்போகுது. இதை மட்டும் எதுக்குக் கிளறணும்? இருந்துட்டுப் போகட்டுமே. அந்தப் பொண்ணுக்கும் தெரியாது, இவங்களுக்கும் தெரியாது. யாருக்கு என்ன நஷ்டம்? ரெண்டு வருஷமா ஒரு சண்டை உண்டா இங்கே? ஒரு கோபம் உண்டா?"

"ஞாயித்துக்கிழமை அவளுக்கு வளைகாப்பு. நாளைக்குப் பதிலாள் நின்னதும் 'ஊர்ல இல்லை'ங்கிற பதில்கூட அவளுக்கு வராது. எது அனுப்பினாலும் கிணத்துல போட்ட கல்லு மாதிரிதான். ஆயுசு முழுக்க."

"கமிட்டியில வெச்சுத்தாம்மா முடிவு பண்ணணும்."

அதே நேரத்தில் நிதின் அழைத்தான். செயலாளர் மேஜைக்குக் கீழே விரலை ஓட்டிச் செய்தி அனுப்பியிருக்க வேண்டும். "சுகந்தி, நம்ம ஒப்பந்தத்துல பதிலாளை நிறுத்தறது மட்டும்தான் இருக்கு. வாடிக்கையாளர் வேண்டாம்னு சொல்ற வலையைத் தொடாதீங்க. யார் போட்டாங்களோ அவங்க அனுமதி இல்லாம எடுக்கக்கூடாதுன்னு விதி இருக்கு, தெரியும்ல?"

"தெரியும் நிதின்." சுகந்தி போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். "சார், நிதின் கேட்கிறார். இந்த வலையைப் போட்டது யாரு? நீங்களா?"

"நான் ஏம்மா போடறேன்?"

"சங்கமா?"

"இல்லவே இல்லை."

"இந்தக் கட்டடத்துல யாராவது?"

"யாரும் இல்லைன்னுதானே தலைப்பாடா அடிச்சிக்கிறேன்!"

"கேட்டுதா நிதின்? யாரும் போடல. யாரும் போடாததை எடுக்க யார்கிட்ட அனுமதி கேட்கிறது?"

நிதின் இணைப்பைத் துண்டித்தான். சச்சிதானந்தம் எதையோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவேண்டுமானால் 'நாங்கள்தான் போட்டோம்' என்று ஆரம்பிக்க வேண்டியிருந்தது. மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை பதிலாள்கள் வரிசையாக அணைந்தார்கள். கடைசியாக நின்ற அந்தப் பெயரில்லாத வலையைச் சுகந்தி தன் கையால் கழற்றினாள். கழற்றும்போது திரை ஒரு கேள்வி கேட்டது: தேங்கி நிற்பவற்றை அழிக்கவா, அனுப்பவா? அவள் யோசிக்கவே இல்லை. வந்த ஆத்திரத்தில் 'அனுப்பு' என்று தட்டிவிட்டாள்.

இரண்டு வருடத் தமயந்தி மொத்தமாக அல்லிக்குளத்தின் மீது கொட்டினாள். வீட்டுக்கு வீடு போன் அலறியது. புது வீட்டைப் பார்க்க ஒருநாள் வாருங்கள். பொங்கல் வாழ்த்து. உங்கள் மாமனார் காலமானது கேட்டு வருந்தினேன். மைதிலி அக்கா, உங்கள் மகளுக்கு மருத்துவ சீட் கிடைத்ததற்கு வாழ்த்துகள், இனிப்பு எங்கே? உங்கள் ஜன்னல் மழையில் திறந்திருக்கிறது. ரத்தம் வேண்டும் என்று அறிவிப்பு பார்த்தேன், எனக்கும் அதே வகைதான், எப்போது வரட்டும்? மீண்டும் பொங்கல் வாழ்த்து. கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு, சைவச் சாப்பாடுதான், அவசியம் வாருங்கள்.

இனி இதற்கெல்லாம் பதில் சொல்ல ஆள் கிடையாது. அவரவரே சொல்லவேண்டும். அறிவிருந்தும் ஒரு வாக்கியம் சொந்தமாகச் சொல்லிப் பழகாத அந்த ஜனங்கள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்தவர்கள்போல் தவித்தார்கள். 'ஊரில் இல்லை' என்று எழுத முடியாது. பால்கனியில் நிற்பது எதிர்வீட்டுக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் ஒவ்வொருவராக 'வருகிறோம்' என்று அனுப்பினார்கள்.

தமயந்தி கீழே ஓடிவந்து சுகந்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஓடக்கூடாத உடம்பு.

"பழுதைப் புடிச்சிட்டீங்களேக்கா! எல்லாரும் வர்றாங்களாம். பார்ட்டி ஹால்கூடக் கெடைச்சிடுச்சி. என்ன பழுதுக்கா அது?"

"பழைய சமாச்சாரம். சுத்தம் பண்ணியாச்சு" என்றாள் சுகந்தி. மேடம் அக்காவானதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இத்தனை வருட வேலையில் ஒரு வலையைக் கழற்றியதற்காக யாரும் அவள் கையைப் பிடித்ததில்லை.

"நீங்களும் வரணும். வராம இருந்தீங்க, நான் வந்து இழுத்துட்டு வருவேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்ட்டி ஹால் நிரம்பியது. சுகந்தி தன் கண்ணையே நம்பவில்லை. பட்டுப்புடவைகளும் மல்லிகையுமாக சி பிளாக் மட்டுமல்ல, ஏ பிளாக்கும் பி பிளாக்கும் வந்திருந்தன. தமயந்தி மனையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணிக்காரி பக்கத்தில் நின்று சந்தனக் கிண்ணத்தை நீட்ட, பெண்கள் வரிசையில் வந்து கன்னத்தில் சந்தனம் தடவி, நெற்றியில் குங்குமம் வைத்து, கைக்கு இரண்டு வளையல் போட்டார்கள். பெண் பெறுவாய், பிள்ளை பெறுவாய் என்று ஆளாளுக்குக் கேலி. தமயந்தியின் முகம் பூத்துக் கிடந்தது. மைதிலி என்கிற அந்தம்மாள் 'இப்படியே சிரிச்சிக்கிட்டே இருடி, புள்ளையும் அப்படியே பொறக்கும்' என்று சிரிக்கவைத்தாள். சச்சிதானந்தம்கூட ஓரமாக நின்று கைதட்டினார். மனிதர்கள் மோசமில்லையோ, நாம்தான் அவசரப்பட்டுவிட்டோமோ என்று சுகந்திக்கே ஒரு சந்தேகம் வந்தது. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்த அறையில் இலை போட்டிருந்தார்கள். புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை, எள்ளு, தயிர், சர்க்கரைப் பொங்கல், அக்காரவடிசல். கருவாடு பற்றிய பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் தமயந்தி. முட்டைகூட இல்லாத பந்தி. சமையலுக்கு மயிலாப்பூரிலிருந்து ஆள் பிடித்திருந்தாள். போன மாதம் மைதிலி வீட்டு விசேஷத்துக்குச் சமைத்தவரும் அவரேதான். அன்று இதே அக்காரவடிசலை மைதிலி மூன்றுமுறை கேட்டு வாங்கியதாக அவரே பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் சாப்பிட வாங்க" என்று அண்ணிக்காரி கூப்பிட்டாள்.

மைதிலி வயிற்றைத் தடவிக்கொண்டாள். "இப்பத்தாம்மா டிபன் சாப்பிட்டுட்டு வந்தோம். ஒரு வாய் எறங்காது."

"எனக்கு இன்னிக்கு விரதம்" என்றாள் இன்னொருத்தி.

"எனக்கு சுகர்." "டாக்டர் புளி கூடாதுன்னுட்டார்." "வீட்டுல அவர் தனியா இருக்கார், போய்ச் சமைக்கணும்." "பார்சல் கட்டிடுங்களேன், ஓட்டுநருக்கு ஆகும்."

ஒருவரும் முகம் கோணவில்லை. எல்லாரும் தமயந்தியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். எல்லாரும் நன்றாகச் சிரித்தார்கள். தலைக்கு ஒன்றாகக் கொடுத்த வளையல்களை வாங்கிக்கொண்டார்கள், கண்ணாடிதானே, ஒட்டாது. சற்று நேரத்தில் ஹால் காலியாகிவிட்டது. போட்ட இலைகள் போட்டபடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. சமையல்காரர் கரண்டியோடு வாசல் பக்கம் பார்த்தபடி நின்றார்.

சுகந்திக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓடிப்போய் அந்த மைதிலியை மாடிப்படியில் மறித்து நாலு கேள்வி கேட்கலாம் என்று எழுந்தாள். கேட்டால் என்ன சொல்வாள் என்பதும் தெரியும். டிபன் சாப்பிட்டது குற்றமா என்பாள். இரண்டு வருடத்துக்குமுன் யாரும் போடாத வலை இன்றைக்கும் யாரும் போடாததுதான். இதைக் கழற்ற அவளிடம் கருவி இல்லை. திரும்பி வந்து ஓர் இலையின் முன் உட்கார்ந்தாள். "போடுங்க, எல்லாத்தையும் போடுங்க" என்று சமையல்காரரிடம் சொல்லி, பசியில்லாமலே பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரத்தில் வளையல் சத்தம் கேட்டது. தமயந்தி வந்து மெதுவாக எதிர் இலையில் உட்கார்ந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல், கன்னத்தில் காய்ந்த சந்தனம். அந்த வரிசை நெடுக இருந்த வெற்று இலைகளை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"சமையக்காரரக்கூட அவங்க ஆளாப் பார்த்துத்தான் புடிச்சேன்க்கா" என்றாள்.

சுகந்தி தலையாட்டினாள்.

"நீங்க எடுத்தது பழுது இல்ல, இல்லியா?"

பொய் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் எதிரே இருப்பவள் கேள்வியாகக் கேட்கவில்லை. சுகந்தி எல்லாவற்றையும் சொன்னாள். இனிப்புப் பெட்டியையும் லிஃப்டையும் மட்டும் விட்டுவிட்டாள். தமயந்தி குறுக்கே பேசாமல் கேட்டாள். அழவில்லை. கடைசியில் இலையில் கிடந்த ஒரு பருக்கையை விரலால் ஓரமாகத் தள்ளினாள்.

"சின்ன வயசுல எங்க ஊர்ல இதெல்லாம் பார்த்துருக்கேன்க்கா. படிச்சி, வேலைக்கி வந்து, கடன் வாங்கி இங்க வீடு வாங்கினதே அது இல்லாத எடம்னுதான். ரெண்டு வருஷம் நல்லாத்தான் இருந்தேன். கம்ப்ளைன்ட் குடுத்துக்கிட்டு, ரீஸ்டார்ட் பண்ணிக்கிட்டு, திட்டுனா உங்க கம்பெனியத் திட்டிக்கிட்டு. மனுஷங்க மேல ஒரு கோவம் கெடையாது எனக்கு."

"தப்புப் பண்ணிட்டேன்னு சொல்றியா?" என்று கேட்டாள் சுகந்தி.

"இல்லக்கா. என் நல்லதுக்குத்தான பண்ணீங்க." தமயந்தி வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டாள். வளையல்கள் சரிந்து விழுந்து ஓய்ந்தன. "இது பொறந்து, வளந்து, கீழ வெளையாடப் போவும். யாரும் சேத்துக்கலன்னா ஏம்மான்னு வந்து கேக்கும். அப்ப நான் என்ன சொல்லுவேன்? அதைத் திரும்பப் போட முடியுமாக்கா? லைன்ல பழுதுடா கண்ணுன்னு சொல்லிக்கிறேன்."

 சுகந்தி கையில் எடுத்த சோற்றை வாய்க்கும் கொண்டுபோகாமல் இலையிலும் வைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சமையல்காரர் அக்காரவடிசல் வாளியோடு வந்து நின்று, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டார்.